சோகத்துக்கு ஒரு பிளட் டெஸ்ட்!

நம் ஜனங்களுக்கு டாக்டர் மீது இருக்கிற நம்பிக்கையைவிட லேப் ரிப்போர்ட் மீது நம்பிக்கை ஜாஸ்தி. டாக்டர் 'உங்களுக்கு ஒண்ணுமில்லை, போங்க' என்றால் முகம் தொங்கிப் போகிறது. அதே 'ஒண்ணுமில்லை'யை நாலு பக்கம் கலர் பிரிண்ட்டில், பக்கத்துப் பக்கத்தில் நார்மல் அளவு போட்டுக் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் குடும்பம் பூராவுக்கும் அனுப்பிவிட்டுத்தான் தூங்குகிறோம்.

சர்க்கரைக்கு நம்பர் இருக்கிறது. கொழுப்புக்கு இருக்கிறது. ஆபீஸ் கேன்டீனில் போன வருஷம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் நடந்த வாரத்தில் கிரிக்கெட் ஸ்கோரை யாரும் கேட்கவில்லை. ''உனக்கு கொலஸ்ட்ரால் எவ்வளவு?'' ''இருநூத்திப் பதினாலு.'' ''அவுட்டா, நாட் அவுட்டா?'' இதேதான் பேச்சு.

சரி, மனசு உடைந்து போனால் அதற்கு என்ன நம்பர்? ஊசியைக் குத்தி, ஐந்து மில்லி ரத்தம் எடுத்து, 'இவருக்கு டிப்ரஷன் 8.2' என்று ரிப்போர்ட் கொடுக்க முடியுமா?

சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் 'முடியும்' என்று நம்பின. அதிலும் பக்கவாதம் வந்து படுத்தவர்களிடம் அந்த டெஸ்ட்டைச் செய்து பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் மாமா.

ஆளுக்கொரு டயக்னாஸிஸ்

மாமா ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். மாயவரம். வயது 67. காலையில் பேப்பர் வந்ததும் தலையங்கத்தில் ஆரம்பித்து வரி விளம்பரம் வரை திட்டிக்கொண்டே படிக்கிற ஜாதி. தெருவில் யாருக்கு மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டுமானாலும், ரிட்டையராகிப் பல வருஷம் கழித்தும் அவர்தான் ஆபீஸ்.

2022-ல் ஒருநாள் காலை எழுந்தபோது அவருக்கு வலது கை வரவில்லை. வாய் கோணி, பேச்சு குழறியது. இடது பக்க மூளையில் அடைப்பு. தூக்கத்தில் எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியாததால், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழியில்லை என்றார்கள். (முழித்திருக்கும்போது வந்தால், நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வாய்ப்பு உண்டு. முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் சோடா வாங்கித் தராதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.)

பத்து நாளில் வீடு திரும்பினார். கால் ஓரளவு நடந்தது. கை கொஞ்சம் அசைந்தது. 'பிழைத்தது புண்ணியம்' என்று குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தாள் அத்தை. ஆனால் மாமா?

பேப்பரைத் தொடவில்லை. மூன்றாவது வாரத்தில் பிசியோதெரபிக்கு வந்த பையனைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு பாதிக்குப் பாதி. விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். கேட்டால், ''ஒண்ணுமில்ல.''

உடனே குடும்பம் கூடி வைத்தியம் பார்த்தது. நம் வீடுகளில் இதற்கு எம்.பி.பி.எஸ். எல்லாம் வேண்டாம்.

''வைராக்கியம் இல்லை. எங்க அப்பாவுக்கு எண்பது வயசுல வந்துது, மூணே மாசத்துல வயலுக்குப் போனார்'' என்றார் ஒரு பெரியவர்.

''பிடிவாதம். போஸ்ட்மாஸ்டர் திமிர் இன்னும் போகல'' என்றது இன்னொரு குரல்.

''கை கால் விழுந்தா யாருக்குத்தான் வருத்தமா இருக்காது? போகப் போக சரியாயிடும்'' என்றார்கள் பாக்கிப் பேர்.

இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. கேட்க நியாயமாக இருக்கிறதே! வருத்தப்பட ஒரு நியாயமான காரணம் இருப்பதால், அந்த வருத்தம் வியாதியாக மாறியதை யாரும் கவனிப்பதில்லை. மழை பெய்தால் நனையத்தான் செய்யும். அதற்காக நிமோனியாவை 'நனைஞ்சிருக்கார்' என்று விட்டுவிட முடியுமா?

மச்சான் கொண்டுவந்த பேக்கேஜ்

மாமாவின் பையன், என் மச்சான், சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி. எதையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால்தான் நம்புவான். அவன் போனில் ஒரு லேப் விளம்பரத்தைக் காட்டினான். 'ஸ்ட்ரெஸ் ப்ரொஃபைல்.' அதில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள்.

''மச்சான், அப்பாவுக்கு டிப்ரஷனா, வெறும் பிடிவாதமான்னு ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சிடும். ஹார்மோன் ஜாஸ்தின்னா டிப்ரஷன். இல்லேன்னா எழுந்து நடக்கச் சொல்லலாம். ஆர்க்யுமென்ட்டே கிடையாது.''

ஐந்தாவது வாரம் நியூராலஜிஸ்ட்டிடம் செக்கப்புக்குப் போனபோது அதைத்தான் கேட்டான். டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அவசரப்படாமல் பேசுகிறவர்.

''தாராளமா எடுங்க. ஜாஸ்தியா வந்தா ஆச்சரியப்பட மாட்டேன். எடுக்காமலே ஒரு பேப்பர்ல எழுதித் தரட்டுமா?''

''அப்போ டிப்ரஷன்தானே டாக்டர்?''

''அதை அந்தப் பேப்பர் சொல்லாது தம்பி'' என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். அவர் சொன்னதையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

ஜி.எம்., மானேஜர், ஃபாக்டரி

கார்ட்டிசால் என்பது நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தயாரிக்கிற ஹார்மோன். உடம்புக்கு ஆபத்து என்றால் சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றி, தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்பி விடுகிற எமர்ஜென்ஸி ஆபீஸர். நமக்கு ஆபத்து இல்லாதபோதும் இவருக்கு டியூட்டி உண்டு. காலையில் நிறைய இருப்பார், நள்ளிரவில் அடங்கிவிடுவார். (அரசாங்க ஆபீஸ் மாதிரி இல்லை, சரியான நேரத்துக்கு வருவார்.)

இதற்கு மேலிடம் இரண்டு. மூளைக்குள் ஹைப்போதாலமஸ். இவர் ஜி.எம். அவருக்குக் கீழே பிட்யூட்டரி என்ற மானேஜர். ஜி.எம். சொல்ல, மானேஜர் ஆர்டர் போட, அட்ரினல் ஃபாக்டரி கார்ட்டிசால் தயாரிக்கும். சரக்கு ரத்தத்தில் ஏறி மேலே வந்ததும் ஜி.எம்.மும் மானேஜரும் ஸ்டாக்கைப் பார்த்துவிட்டு, ''போதும், நிறுத்து'' என்பார்கள். ஃபாக்டரி மெதுவாகிவிடும். அருமையான நிர்வாகம்.

இந்த 'போதும்' ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. டெக்ஸாமெதசோன் என்ற மாத்திரை. 2020 கொரோனா சமயத்தில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியதாகப் பெயர் வாங்கியதே, அதே மருந்துதான். அது கார்ட்டிசாலின் டூப்ளிகேட். ராத்திரி 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் விழுங்கினால், மேலிடம் 'ஓகோ, ஸ்டாக் நிறைய இருக்கு' என்று ஏமாந்து ஃபாக்டரியை நிறுத்தச் சொல்லும். மறுநாள் ரத்தம் எடுத்தால் கார்ட்டிசால் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் 'போதும்' என்று சொல்கிற இடத்தில் ஏதோ கோளாறு. டெக்ஸாமெதசோன் அடக்குமுறை டெஸ்ட் என்று பெயர்.

1981-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கேரல் என்ற மனநல டாக்டரும் அவர் குழுவும் 438 பேரிடம் செய்த பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் கார்ட்டிசால் அடங்கவில்லை. அந்த நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் அப்படி ஆனது.

உலகம் துள்ளிக் குதித்தது. மனநோய்க்கு ரத்தத்தில் சாட்சி! 'எல்லாம் உன் கற்பனை' என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிகள் டெஸ்ட்டை எழுதித் தள்ளின.

அப்புறம்தான் வண்டி சறுக்கியது. ராத்திரி தூங்காதவருக்கு அடங்கவில்லை. பட்டினி கிடந்து எடை குறைந்தவருக்கு அடங்கவில்லை. காய்ச்சல்காரர், சர்க்கரை கட்டுப்படாதவர், குடிக்கிறவர் என்று பட்டியல் நீண்டது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவருக்கு மாத்திரையே உடம்பில் சீக்கிரம் கரைந்து போய், டெஸ்ட் தப்பாகக் காட்டியது. இன்னொரு பக்கம், கண்ணெதிரே டிப்ரஷனில் வாடுகிற பலருக்குச் சமர்த்தாக அடங்கியது! 1987-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தின் குழு இதை அலசி, தினசரி வைத்தியத்தில் இந்த டெஸ்ட்டின் உபயோகம் குறைவு என்று சொல்லிவிட்டது.

இன்றைக்கும் அந்த டெஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வேறு வேலையில். உடம்பில் கார்ட்டிசால் அளவுக்கு மீறிச் சுரந்து முகம் பூசணிக்காயாக வீங்குகிற 'குஷிங்' வியாதியைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்வீடன் சொன்ன சேதி

சரி, ஸ்ட்ரோக் வந்தவர்கள் கதை என்ன? வாய் பேச முடியாதவரிடம் 'மனசு எப்படி இருக்கு' என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வார்? அவர்களுக்காவது ரத்தம் பேசாதா என்ற ஆசை நியாயமானதுதானே?

ஸ்வீடனின் வடக்கே உமேயோ என்று ஒரு ஊர். அங்கே மோனிகா ஆஸ்ட்ரோம், டாமி ஓல்சன், ஷெல் ஆஸ்ப்லுண்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஸ்ட்ரோக் வந்த 80 பேரை மூன்று வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 1993-ல் 'ஸ்ட்ரோக்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தன.

ஆரம்ப நாட்களிலேயே 25 சதவிகிதம் பேருக்குக் கடுமையான டிப்ரஷன். மூன்றாவது மாதம் 31 சதவிகிதம். ஒரு வருஷத்தில் 16-ஆக இறங்கி, மூன்றாவது வருஷம் மறுபடி 29.

டெஸ்ட்? இங்கேதான் வேடிக்கை. முதல் மூன்று மாதத்தில் கார்ட்டிசால் அடங்காததற்கும் டிப்ரஷனுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து எடுத்தபோது பலமான சம்பந்தம் தெரிந்தது!

ஏன் இப்படி? நம் ஆபீஸ் கணக்கிலேயே யோசியுங்கள். ஸ்ட்ரோக் என்பது தலைமை ஆபீஸில் தீப்பிடித்த மாதிரி. ஜி.எம். மூன்று ஷிஃப்ட்டும் 'தயார் பண்ணு, தயார் பண்ணு' என்று கத்திக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் டூப்ளிகேட் ஸ்டாக்கைக் காட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே, ஆரம்பத்தில் கார்ட்டிசால் ஜாஸ்தி என்றால் 'இங்கே தீப்பிடித்திருக்கிறது' என்றுதான் அர்த்தம். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். அடி எவ்வளவு பலம், ஆள் எவ்வளவு குழம்பியிருக்கிறார் என்பதோடுதான் அந்த அளவு ஒத்துப்போகிறது. ஜி.எம்.முக்கு மனசு சரியில்லையா என்பதை அது சொல்லாது. தீ அணைந்து பல காலம் ஆன பிறகும் ஒருவர் கத்திக்கொண்டே இருந்தால், அப்போது சந்தேகப்படலாம்.

ஆனால் மூன்று வருஷம் காத்திருக்க முடியுமா? மனச்சோர்வைக் கண்டுபிடிக்க வேண்டியதே முதல் சில மாதங்களில்தான். கையும் காலும் திரும்பி வர அதிகம் வாய்ப்புள்ள பொன்னான காலம் அது. அந்த நேரத்தில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், பிசியோதெரபி வீண், மாத்திரை வீண், குணமாகிற வாய்ப்பும் வீண். ஸ்ட்ரோக்கோடு டிப்ரஷனும் சேர்ந்தவர்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள், அவர்களில் உயிரிழப்பும் அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. உலகம் முழுக்கப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூன்றில் ஒருவர்! இது 'சிலருக்கு' அல்ல சார், 'பலருக்கு.'

டாக்டர் செய்த டெஸ்ட்

''அப்ப டெஸ்ட்டே வேண்டாங்கறீங்களா?'' என்றான் மச்சான், கொஞ்சம் ஏமாற்றமாக.

''வேணும். ஆனா வேற டெஸ்ட்'' என்று டாக்டர் எழுதினார். தைராய்டு, ஹீமோகுளோபின், பி-12, சோடியம், சர்க்கரை.

இதன் லாஜிக் வேறு. தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாகிவிடுவார், ரத்தசோகை வந்தால் சோர்ந்துவிடுவார், சோடியம் இறங்கினால் குழம்பிவிடுவார். பார்ப்பதற்கு டிப்ரஷன் மாதிரியே இருக்கும். அந்தப் போலிகளை வடிகட்டத்தான் இந்த டெஸ்ட்கள். 'டிப்ரஷன் இருக்கிறது' என்று இவை சொல்வதில்லை. 'வேறு காரணம் இருக்கிறதா' என்று மட்டும் சொல்கின்றன. அதிலும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சமயத்தில் எடுத்த தைராய்டு அளவு, அந்த வியாதியாலேயே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

எழுதி முடித்ததும் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை மாமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

''சார், கடந்த ரெண்டு வாரமா, முன்னாடி ஆசையாச் செஞ்ச விஷயத்துல நாட்டமே இல்லாம இருக்கா?''

மாமா தலையை ஆட்டினார்.

''மனசு தளர்ந்து, இனி என்ன இருக்குன்னு தோணுதா? எத்தனை நாள்? சில நாளா, பாதி நாளா, தினமுமா?''

ரொம்ப நேரம் பதில் இல்லை. டாக்டர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. பிறகு மாமா குழறலாகச் சொன்னார்: ''தினமும். ராத்திரி படுக்கறப்போ... காலைல எழுந்திருக்காம இருந்தா தேவலைன்னு இருக்கு.''

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஐந்து வாரமாக அந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. 'சாப்பிட்டீங்களா', 'மாத்திரை போட்டீங்களா', 'நடந்தீங்களா' என்று ஒரு நாளைக்கு முப்பது கேள்வி கேட்ட குடும்பம் அது!

அந்த இரண்டு கேள்விகள் டாக்டரின் சொந்தச் சரக்கு அல்ல. உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிற ஒன்பது கேள்விப் பட்டியலின் முதல் இரண்டு. இரண்டுக்கும் பதில் கவலையாக இருந்தால் மீதி ஏழையும் கேட்பார்கள். தூக்கம், பசி, களைப்பு, 'நான் உபயோகமில்லாதவன்' என்ற நினைப்பு, கவனம், வேகம், சாவைப் பற்றிய எண்ணம். செலவு, பைசா கிடையாது.

'செத்துப் போகலாம்னு தோணுதா' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகாதா என்று பலருக்குப் பயம். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. இருக்கிற எண்ணம் வெளியே வருகிறது. வந்தால்தானே வைத்தியம்?

குழப்பக்கூடிய சில விஷயங்கள்

ஸ்ட்ரோக் வந்தவர் டி.வி. விளம்பரத்தைப் பார்த்துக்கூட விக்கி விக்கி அழுவார். சில சமயம் சாவு வீட்டில் சிரித்துவிடுவார். இதெல்லாம் டிப்ரஷன் என்று முடிவு கட்டாதீர்கள். அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளையில் இருக்கிற பிரேக் பழுதானதால் வருவது அது. ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். அதற்கும் மருந்து உண்டு. 'சே, சின்னக் குழந்தை மாதிரி' என்று அதட்டுவது மட்டும் மருந்தல்ல.

வலது பக்க மூளையில் அடிபட்ட சிலருக்குக் குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். முகத்தில் பாவம் வராது. உள்ளே சந்தோஷமாகவே இருக்கலாம். ஆகவே முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. இடது பக்க மூளையின் முன்பகுதியில் அடி என்றால் டிப்ரஷன் நிச்சயம் என்று ஒரு கொள்கை 1980-களில் பிரபலமாக இருந்தது. 2000-ல் பல ஆய்வுகளைத் திரட்டி 'லான்செட்' பத்திரிகையில் வந்த கட்டுரை அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஸ்கேனும் காட்டிக் கொடுக்காது என்று அர்த்தம்.

பேச்சே போனவர்களிடம்? ஆமாம் - இல்லை என்று தலையாட்டச் சொல்லலாம். சிரிக்கிற முகம், அழுகிற முகம் படம் போட்டுக் காட்டித் தொடச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் கூட இருப்பவர்தான் சாட்சி. ராத்திரி அழுகிறாரா, யார் வந்தாலும் முகத்தைத் திருப்புகிறாரா, சோற்றைத் தள்ளிவிடுகிறாரா என்பதைத் தேதி போட்டுக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸெல் ஷீட் தெரிந்தவர்களுக்கு இங்கேதான் உண்மையான வேலை!

மருந்து உண்டா?

உண்டு. 1984-லேயே நார்ட்ரிப்டிலின் என்ற மாத்திரை, ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய டிப்ரஷனைக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் முறையாகச் சோதித்துக் காட்டினார்கள். இப்போது அதைவிடப் பக்கவிளைவு குறைந்த மாத்திரைகள் வந்துவிட்டன. பேசிக் குணப்படுத்துகிற கவுன்சலிங்கும் உண்டு.

'அப்படியானால் ஸ்ட்ரோக் வந்த எல்லோருக்கும் முன்கூட்டியே அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்பீர்கள். பிரிட்டனில் செய்தே பார்த்துவிட்டார்கள். 3,127 பேரில் பாதிப் பேருக்கு ஃப்ளூவாக்ஸிடின், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை, ஆறு மாதம். 2019-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் புதிதாக டிப்ரஷன் வந்தவர்கள் கொஞ்சம் குறைவு. ஆனால் கை கால் சீக்கிரம் தேறவில்லை, எலும்பு முறிவு அதிகம். ஆகவே எல்லோருக்கும் பிரசாதம் மாதிரி விநியோகிக்க முடியாது. யாருக்குத் தேவை என்று கண்டுபிடித்துத்தான் கொடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள். கேட்டால்தான் தெரியும், தெரிந்தால்தான் மருந்து.

மாமாவுக்குச் சின்ன டோஸில் ஆரம்பித்தார் டாக்டர். ''ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே தெரியாது. 'வேலை செய்யல'ன்னு நிறுத்திடாதீங்க. நல்லாயிட்டார்னு நீங்களா நிறுத்தவும் கூடாது'' என்றார். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் சோடியம் இறங்கலாம் என்பதால் அதைப் பார்க்க ஒரு டெஸ்ட். பிசியோதெரபி பையனுக்கு ஒரு யோசனை: ''கை தூக்குங்கன்னு சொல்லாதே. அவர் தபால் ஆபீஸ் ஆளு. கவரைப் பிரி, ஸ்டாம்ப் ஒட்டுன்னு வேலை கொடு.''

மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது. ஆறாவது வாரம் அத்தை போன் செய்தாள்: ''டேய், உங்க மாமா காபியில சர்க்கரை கம்மின்னு கத்தறார்டா!'' அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பையன் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

வலது கை முழுசாக வரவில்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். இடது கையால் குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறார். கட்டம் தாண்டிப் போகிறது எழுத்து. பேப்பர்காரனைத் திட்டுகிறார், கட்டம் சின்னதாகப் போட்டுவிட்டானாம்.

பிள்ளைகளே, உங்களுக்குத்தான்

இந்தப் பத்திரிகையை லஞ்ச் டயத்தில் புரட்டுகிற இளைஞர்களுக்கு 'ஸ்ட்ரோக்' என்றால் யாரோ வயசானவர் விவகாரம் என்று தோன்றும். அந்த வயசானவர் உங்கள் அப்பாவாக இருக்கும்போது ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கப் போவது நீங்கள்தான். அதனால் நாலு விஷயம் மனப்பாடம் செய்து வையுங்கள்.

ஒன்று: ஸ்ட்ரோக் வந்த முதல் வருஷம், ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர், சர்க்கரையோடு 'மனசு எப்படின்னு பாருங்க டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

இரண்டு: 'தைரியமா இருங்க' என்பது மருந்தல்ல. கால் உடைந்தவரிடம் 'ஓடுங்க' என்று சொல்வதற்குச் சமம்.

மூன்று: பார்த்துக்கொள்கிறவரையும் கேளுங்கள். அம்மா தூங்கி எத்தனை நாளாயிற்று? நோயாளிக்கு வந்தது அவளுக்கும் வரலாம்.

நான்கு: சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டர். அல்லது 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் இலவச எண் 14416.

ரத்தப் பரிசோதனைக்காவது பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். 'இந்த ரெண்டு வாரமா மனசு எப்படிப்பா இருக்கு?' என்று கேட்பதற்கு அந்தத் தொந்தரவும் இல்லை. சாப்பிட்டுவிட்டே கேட்கலாம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.